முக்கால் அங்குலப் பலகை
(இருக்கும் இடம் – 7)

படுக்கையறை அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு "இடம் பத்தல" என்று சொல்லாத குடும்பம் அரிது. அடுத்து நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: இன்னொரு பீரோ வாங்குவார்கள், அல்லது இருப்பதை எல்லாம் கட்டிலில் கொட்டி மறுபடி அழகாக அடுக்குவார்கள். அழகாக அடுக்கியது பதினைந்து நாளில் பழையபடி ஆகிவிடும். பழி வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். இது நியாயமே இல்லை. அலமாரி கலைவதற்குக் காரணம், அதை வகுத்த அளவு. நம் அலமாரிகளில் கன அடிக்குப் பஞ்சமில்லை. கை போட்டு ஒரே இழுப்பில் எடுக்கக்கூடிய இடத்துக்குத்தான் பஞ்சம். இதை அளவுகளோடு பார்த்தால்தான் புரியும்.

சென்னை, கோவை, மதுரை என்று எங்கே புது வீடு கட்டினாலும் படுக்கையறை அலமாரி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. ஆழம் 2 அடி, உயரம் 7 அடி, அதற்கு மேல் பரண். உயரம், கதவு ஜன்னலின் லிண்டல் மட்டத்தை ஒட்டி வந்தது. ஆழம் ஹேங்கரிலிருந்து வந்தது. ஹேங்கரின் அகலம் 17, 18 அங்குலம். சட்டையின் தோளும் கையும் இரு பக்கமும் கொஞ்சம் பிதுங்கும். கதவு இடிக்காமல் மூட வேண்டும். ஆக 24 அங்குலம். தொங்கவிடும் பகுதிக்கு இது சரியான கணக்கு. ஆனால் மடித்து வைக்கும் தட்டுகளையும் அதே ஆழத்தில் போட்டுவிடுகிறார்கள். மடித்த சட்டையின் நீளம் சுமார் 14 அங்குலம். முன்னால் ஒரு வரிசை வைத்தால் பின்னால் 10 அங்குலம் மிஞ்சும். அங்கே இன்னொரு வரிசை தானாகச் சேரும். பின்னால் போன துணி கண்ணில் படாது. இல்லை என்று நினைத்து அதே நிறத்தில் இன்னொரு ரவிக்கை தைக்கக் கொடுப்போம். ஆழத்துக்கு மருந்து, தட்டையே முன்னால் இழுக்க முடிவதுதான்: ஆசாரியிடம் சொல்லி சானல் வைத்த இழுப்பறை, அது முடியாவிட்டால் கைப்பிடி உள்ள நீளமான பிளாஸ்டிக் டிரே.

உயரத்தில் போகும் இடம் இதைவிடப் பெரிது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே 16 அங்குலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மடித்த பருத்திச் சேலை சுமார் ஓர் அங்குலக் கனம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பன்னிரண்டு சேலை. மேலிருந்து எட்டாவதாக உள்ள நீலச் சேலை வேண்டும். இடது கையை ஏழின் அடியில் கொடுத்துத் தூக்கி, வலது கையால் நீலத்தை உருவ வேண்டும். உருவும்போது மேலிருந்த சேலையின் மடிப்பும் கூடவே வரும். ஏழும் முன்பக்கம் சாயும். அவசரத்தில் உள்ளே அழுத்திக் கதவைச் சாத்துவோம். மூன்று முறை இது நடந்தால் அடுக்கு என்று எதுவும் மிஞ்சாது. இப்போது நடுவில் முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை ஒன்றைப் போடுங்கள். மேலும் கீழும் ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு சேலை. கன அளவில் முக்கால் அங்குலம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் எட்டாவது சேலை இப்போது இரண்டாவது சேலை. பன்னிரண்டையும் உடுத்த முடிகிறது.

தொங்கும் பகுதிக்கும் இதே கணக்குதான். ஆண்கள் சட்டை ஹேங்கரோடு சேர்த்து 40 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். பாதியாக மடித்துப் போட்ட பேன்ட் இன்னும் குறைவு. 7 அடி என்பது 84 அங்குலம். ஒரே ராடு என்றால் கீழே 44 அங்குலம் வெறும் காற்று. அங்கே இஸ்திரிக்குப் போகவேண்டிய மூட்டையும் பழைய பைகளும் குடியேறும். 40 அங்குலம் கீழே இரண்டாவது ராடு போட்டால் சட்டைக்கான இடம் இரண்டு மடங்கு. நீள சுடிதாருக்கும் நைட்டிக்கும் 5 அடி வரை வேண்டும் என்பதால் ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்தை மட்டும் பிரிக்காமல் விடலாம். துளை போடக் கூடாத வாடகை வீட்டில், மேல் ராடு உறுதியான இரும்பாக இருந்தால், அதிலிருந்தே சங்கிலியில் கீழ் ராடைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

இத்தனை பாடு எதற்கு, இன்னொரு பீரோ வாங்கிவிடலாமே என்பார்கள். 1923-இல் கோத்ரெஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியதிலிருந்து பூட்டும் லாக்கரும் கொண்ட பீரோ நம் வீடுகளுக்குத் தந்த நிம்மதி பெரிது. கல்யாணச் சீரில் அது இடம்பிடித்ததில் வியப்பில்லை. ஆனால் தரையைக் கணக்கிடுங்கள். 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் நாலரை சதுர அடி. இரண்டு கதவும் விரிய அதே அளவு. பத்துக்குப் பதினொன்று அறையில் கட்டிலே 30 சதுர அடிக்கு மேல் பிடித்துவிட்ட பிறகு, இது நடைபாதையிலிருந்துதான் போகும். உள்ளே அதே உயரமான தட்டுகள், அதே சரிவு.

வேண்டாததைக் கழித்தால் இடம் வரும் என்ற வாதம் இதைவிட வலுவானது. ஜப்பானின் மரி கொண்டோ, கையில் எடுத்துப் பார்த்து மகிழ்ச்சி தராததைக் கழிக்கச் சொல்கிறார். டி-ஷர்ட்டுக்கும் குழந்தைகளின் உடைக்கும் பொருந்தும். அவை அளவு தப்பிப்போகும். சேலைக்கு அளவு தப்புவதில்லை. ஐந்தரை மீட்டர் துணி இருபது வயதிலும் அறுபது வயதிலும் சுற்றிவரும், பிறகு மகளுக்குப் போகும். அம்மாவின் கூறைச்சேலையை உடுத்தாவிட்டாலும் யாரும் கழிப்பதில்லை, கழிக்கவும் வேண்டாம். துணியைக் கட்டியாக மடித்துப் புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க அவர் சொல்லும் வழியை மட்டும் ரவிக்கைக்கும் உள்பாவாடைக்கும் எடுத்துக்கொள்ளலாம். பட்டு அப்படி நிற்காது, வழுக்கும்.

நெருக்கி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காதா? கடலோர ஊர்களில் இது நியாயமான பயம். காற்றுக்கு வழி பின்னால் வேண்டும்: நடுப்பலகையைப் பின்சுவர் வரை கொண்டுபோகாமல் ஓர் அங்குலம் விட்டு நிறுத்தினால் போதும். பட்டுக்கு உயர அடுக்கே பகை. காஞ்சிபுரம் பட்டு ஒன்று அரைக் கிலோவுக்குக் குறையாது. பன்னிரண்டு அடுக்கினால் அடியில் இருப்பதன் ஜரிகை மடிப்பு ஐந்து கிலோவுக்கு மேல் சுமக்கிறது. அந்த மடிப்பில்தான் ஜரிகை ஒடியும். நான்கைந்தாக வைத்து, பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

பரணுக்கு ஸ்டூல் போட்டுத்தான் ஏற வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது மட்டும் அங்கே போகட்டும்: கொலு பொம்மை, சூட்கேஸ், சீர்ப் பாத்திரம். பெட்டியின் மூடியில் எழுதினால் கீழே நிற்பவருக்குத் தெரியாது. முன்பக்கம் எழுதி ஒட்டுங்கள். நவராத்திரிக்கு மரப்பாச்சியைத் தேடி ஆறு பெட்டியையும் இறக்க வேண்டியிராது.

(தொடரும்)