சூழலியல் கள ஆய்வுத் தரவுத்தள வடிவமைப்பு

சூழலியல் கள ஆய்வுத் தரவுத்தள வடிவமைப்பு என்பது, ஒரு நிலப்பரப்பில் வாழும் உயிரினங்களைப் பற்றிக் களத்தில் திரட்டப்படும் தகவல்களை, பின்னர் ஐயமின்றி ஒப்பிடத்தக்க வகையில் அட்டவணைகளாகப் பிரித்து அமைக்கும் முறை ஆகும். இதன் அடிப்படை, 1970 ஆம் ஆண்டு எட்கர் காட் முன்வைத்த உறவுசார் தரவுத்தளக் கோட்பாடு ஆகும். மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த கண்மாய்களையும் குன்றுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறை கீழே விளக்கப்படுகிறது.

தேவை

மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 எக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு, ராசாளி உள்ளிட்ட சுமார் 250 பறவையினங்கள் இங்குக் காணப்படுவது அறிவிப்புக்கான காரணங்களுள் ஒன்றாகும். 2024 ஆம் ஆண்டு, இத்தலத்தையும் உள்ளடக்கிய 2015.51 எக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டித் தொகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. ஊர் மக்களின் எதிர்ப்பையும், அதே ஆண்டு டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தையும் தொடர்ந்து, நடுவண் அரசு 2025 சனவரியில் அந்த ஏலத்தை நீக்கியது.

இத்தகைய வேளைகளில், தலத்தின் எல்லைக்குள் என்ன வாழ்கிறது என்பதோடு, எல்லைக்கு வெளியே உள்ள பகுதியில் என்ன வாழ்கிறது என்ற வினாவும் எழுகிறது. "அங்கு எதுவும் பதிவாகவில்லை" என்ற விடைக்கு இரு பொருள்கள் உண்டு. தேடியும் கிடைக்காமல் இருந்திருக்கலாம். அல்லது எவரும் தேடாமலே இருந்திருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதே நல்ல அட்டவணை வடிவமைப்பின் முதன்மை நோக்கம் ஆகும்.

ஒற்றை அட்டவணையின் குறைகள்

இடம், நாள், இனம், எண்ணிக்கை என்னும் நான்கு நிரல்களைக் கொண்ட ஒரே அட்டவணையில் பலர் பதிவுகளைத் தொடங்குவர். இதில் ஒரே இடத்தின் பெயர் நூற்றுக்கணக்கான நிரைகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுவதால் பிழைகள் பெருகுகின்றன. அதனினும் பெரிய குறை, பறவை ஏதும் காணப்படாத நாளுக்கு நிரையே இராது என்பதாகும். அன்று சென்று பார்த்த உழைப்பு சுவடின்றி மறைகிறது.

நான்கு அட்டவணைகள்

இக்குறைகளைத் தவிர்க்கத் தகவல்கள் நான்கு அட்டவணைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

1. இடம்: பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, இட வகை ஆகியவை. பெயர் மட்டும் போதாது. மதுரையில் வண்டியூர் என்ற பெயரோடு ஒரு கண்மாயும், மாரியம்மன் தெப்பக்குளமும் உள்ளன. ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் தனித்த அடையாள எண் அளிக்கப்படுகிறது. இதுவே முதன்மைத் திறவுகோல் எனப்படும்.

2. வருகை: இட எண், நாள், தொடங்கிய நேரம், கால அளவு, நடந்த தொலைவு, நோக்கியவர் எண்ணிக்கை ஆகியவை. கண்மாயின் நீர்மட்டமும் இவ்வட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாய் கோடையில் வறண்டு விடக்கூடும் என்பதால், நீர் என்பது அந்த இடத்தின் நிலையான பண்பு அன்று. அந்த நாளின் நிலை ஆகும்.

3. இனம்: அறிவியற் பெயர், தமிழ்ப் பெயர், வட்டார வழக்குகள் ஆகியவை. அறிவியற் பெயர்களும் மாறுவதுண்டு. வயல்களில் மாடுகளைப் பின்தொடரும் உண்ணிக்கொக்கு நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டது. பின்னர் அது மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இந்தியாவில் உள்ளது கிழக்கு உண்ணிக்கொக்கு ஆகும். பெயர் தனி அட்டவணையில் இருப்பின், இத்தகைய மாற்றத்தை ஒரே நிரையில் செய்து முடிக்கலாம்.

4. பதிவு: வருகை எண், இன எண், எண்ணிக்கை ஆகியவை. பிற அட்டவணைகளைச் சுட்டும் இவ்வெண்கள் அயல் திறவுகோல்கள் எனப்படும். இல்லாத வருகைக்கோ இனத்துக்கோ பதிவு இடுவதை இவை தடுக்கின்றன.

சுழியமும் வெற்று மதிப்பும்

எண்ணிக்கை நிரலில் சுழியம் என்பது "தேடினோம், இல்லை" எனப் பொருள்படும். வெற்று மதிப்பு என்பது "எண்ணப்படவில்லை" எனப் பொருள்படும். எனினும் காணாத ஒவ்வோர் இனத்துக்கும் சுழியம் எழுதுவது இயலாது. அதற்கு மாற்றாக, வருகை அட்டவணையில் "அடையாளம் கண்ட எல்லா இனங்களும் பதியப்பட்டனவா?" என்ற நிரல் சேர்க்கப்படுகிறது. விடை "ஆம்" எனில், பட்டியலில் இல்லாத இனம் அன்று கண்டறியப்படவில்லை எனக் கொள்ளலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபான் கழகமும் 2002 இல் தொடங்கிய ஈபேர்டு தரவுத்தளம் இவ்வினாவைக் கேட்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியல்களும் இத்தரவுத்தளத்திலேயே சேர்கின்றன.

இதன் பயனை ஒரு கற்பனைக் கணக்கால் உணரலாம். ஒரு கண்மாய்க்கு முதலாண்டில் 20 முறை சென்றபோது 5 முறை கூழைக்கடா காணப்பட்டது. மறு ஆண்டில் 4 முறை சென்றபோது 2 முறை காணப்பட்டது எனக் கொள்வோம். பதிவுகளை மட்டும் எண்ணினால் 5 என்பது 2 ஆகக் குறைந்து, வீழ்ச்சி போலத் தோன்றும். வருகைகளோடு வகுத்தால் 25 விழுக்காடு 50 விழுக்காடாக உயர்ந்துள்ளது. நான்கே வருகைகள் உறுதியான முடிவுக்குப் போதா என்பதையும் வருகை அட்டவணையே காட்டிவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை

களத்தில் எழுதிய மூலக் குறிப்பைத் திருத்தாமல் பாதுகாத்து, ஐயத்துக்குரிய அடையாளங்களைத் தனி நிரலில் குறித்தல் நலம். பாறை முகடுகளில் கூடு கட்டும் வல்லூறுகள் போன்றவற்றின் துல்லியமான இருப்பிடத்தைத் தரவுத்தளத்தில் காத்து, பொதுவெளியில் தோராயமான இடத்தை மட்டும் வெளியிடலாம். வருகை அட்டவணையைப் பிற்காலத்தில் நினைவிலிருந்து நிரப்ப இயலாது. எனவே ஆய்வின் முதல் நாளிலிருந்தே அதனைப் பேண வேண்டும்.