ஐந்து கேள்விகளில் அடங்கும் உலகம்

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் விவசாயி ஒருவர் சேலத்தில் ஒரு நூலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செடியில் மஞ்சள் தேமல் படர்ந்து, இலை சுருண்டு, கிழங்கு பெருக்காமல் நிற்கிறது. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது. அதைத் தடுக்கும் வழி சொல்லும் நூல் அவருக்கு வேண்டும். அந்த நூல் அங்கே இருக்கிறது. ஆனால் எந்த அலமாரியில்? வேளாண்மையிலா, பூச்சிகளைப் பற்றிய நூல்களிலா, செடி நோய்களிலா, சேலம் மாவட்டத்தைப் பற்றிய நூல்களிலா?

பார்க்கச் சின்னக் கேள்விதான். அதற்குள் ஒரு பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு நூல் ஒரே நேரத்தில் பல விஷயங்களோடு உறவு கொண்டது. அலமாரித் தட்டோ ஒற்றை வரிசை. இடப்பக்கம் ஒரு நூல், வலப்பக்கம் ஒரு நூல், அவ்வளவுதான் அதற்கு அண்டை அயல். பல திசைகளில் விரியும் அறிவை ஒரே கோட்டில் நிறுத்துவது எப்படி? இந்தக் கணக்கை உலகுக்கே போட்டுக் காட்டியவர் நம்மவர்: சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் (1892–1972).

அவர் படித்தது கணிதம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதுகலை முடித்து, மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். ஒரு வாரத்திலேயே அந்த வேலை அவருக்குக் கசந்தது. வகுப்பறையில் மாணவர்களோடு இருந்தவருக்கு ஆளரவம் இல்லாத அறை பிடிக்கவில்லை. பழைய வேலையையே திருப்பிக் கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகத் தொழிலைப் படித்து வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கணிதத்துக்கே திரும்பலாம் என்று முடிவானது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், கிராய்டன் நகர நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்ஸ். பாடத்தோடு நிற்காமல், இங்கிலாந்தின் நூலகங்களை ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்தார் அரங்கநாதன். பெரும்பாலான இடங்களில் மெல்வில் டூயியின் தசமப் பகுப்பு முறையே கோலோச்சியது. 1876இல் அமெரிக்காவில் பிறந்த முறை அது. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எண். இதில் இரண்டு குறைகள் இருந்தன. முன்பே பட்டியலில் ஏறாத தலைப்பில் நூல் வந்தால் அதற்கு இடமில்லை. மேலும், பட்டியல் போட்டவரின் உலகமே அதில் பெரிதாக இருந்தது. சமயத்துக்கு ஒதுக்கிய எண்களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போயிற்று. உலகின் மற்றச் சமயங்கள் எல்லாம் ஒரு மூலையில் நெருக்கியடித்து நின்றன.

விடை கிடைத்தது செல்ஃப்ரிட்ஜஸ் என்ற லண்டன் கடையில். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், போல்ட், நட் மட்டுமே பெட்டியில் உண்டு. அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை பாலம், ஒருமுறை வண்டி. செய்து முடித்த பொம்மை எதுவும் பெட்டியில் இல்லை. நூலுக்கான எண்ணையும் இப்படியே பூட்டினால் என்ன என்று அந்தக் கணித ஆசிரியருக்குத் தோன்றியது. இந்தியா திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்தையே தம் புதிய முறைப்படி மாற்றி அடுக்கிப் பார்த்தார். கணிதத்துக்குத் திரும்பும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அந்த முறை 1933இல் நூலாக வந்தது. கோலன் பகுப்பு முறை என்று பெயர். எண்ணின் பகுதிகளைப் பூட்டும் போல்ட்டாக அமைந்தது கோலன் என்ற நிறுத்தக்குறி. பின்னாளில் அவர் அதைச் செப்பமாக்கி, எந்தத் தலைப்பையும் ஐந்து கேள்விகளால் பிரிக்கலாம் என்றார். எதைப் பற்றியது? அதன் எந்தத் தன்மையை அல்லது பொருளைப் பற்றியது? அங்கே நடக்கும் செயல் என்ன? எங்கே? எப்போது? ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று நூலகவியல் மாணவர்கள் படிப்பது இவற்றைத்தான்.

எடுத்துக்காட்டாக, கோலன் முறையில் மருத்துவத்துக்கு எல் என்ற ஆங்கில எழுத்து. அதற்குள் நுரையீரல் 45, காசநோய் 421, சிகிச்சை 6. இந்தியா 44. இவற்றை உரிய நிறுத்தக்குறிகளால் கோத்தால், இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்குச் செய்யும் சிகிச்சை என்ற தலைப்பின் முழு வடிவமும் அந்த எண்ணிலேயே தெரியும். நம் விவசாயி தேடும் நூலும் இப்படித்தான் பிரியும்: மரவள்ளி, தேமல் நோய், தடுப்பு, சேலம், அந்த நூல் பேசும் ஆண்டுகள்.

இதன் வலிமையைக் கணக்காகவே பார்க்கலாம். பத்துப் பயிர்கள், பத்து நோய்கள், பத்துச் செயல்கள், பத்து இடங்கள், பத்துக் காலங்கள் என்று எடுத்துக்கொள்வோம். எல்லாச் சேர்க்கைகளையும் முன்கூட்டியே பட்டியல் போட்டால் 1,00,000 தலைப்புகள் வேண்டும். அரங்கநாதன் வழியில் 50 உருப்படிகள் போதும். 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதைப் பதினோராவது இடமாகச் சேர்க்கப் பட்டியல்காரர் 10,000 வரிகள் புதிதாக எழுத வேண்டும். அரங்கநாதன் முறையில் ஒரே ஒரு வரி. நாளை வரப்போகும் நூலுக்கும் இன்றே இடம் இருக்கிறது.

இனி அந்த ஒற்றை வரிசைச் சிக்கல். ஐந்து கேள்விகளையும் எந்த வரிசையில் கேட்கிறோமோ, அதுவே அலமாரியில் யார் யாருக்கு அண்டை என்று தீர்மானிக்கும். கைக்குப் பிடிபடும் பொருள் முதலில், இடமும் காலமும் கடைசியில் என்று வைத்தார் அரங்கநாதன். அதனால் மரவள்ளி நூல்கள் எல்லாம் ஓரிடத்தில் சேரும். அதில் ஓர் இழப்பும் உண்டு. சேலத்தைப் பற்றிய நூல்கள் பல அலமாரிகளில் சிதறிவிடும். ஒற்றைக் கோட்டில் எதைச் சேர்த்தாலும் இன்னொன்று சிதறும், தப்ப வழியில்லை. சிதறியதைப் பிடிக்க அவர் சங்கிலி அட்டவணை என்ற வழியைக் கண்டார். எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் பெயராக்கி அகரவரிசையில் எழுதிவைத்தால், சேலம் என்று தேடி வருபவருக்கும் அந்த நூல் அகப்படும்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்காக? விடை 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் இருக்கிறது. நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த இருபது ஆண்டுகளில், வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய் நூலைப் புரட்டிப் பார்க்கும் உரிமையைக் கொண்டுவந்தார். நூலகத்தையும் கூடுதல் நேரம் திறந்துவைத்தார்.

கோலன் எண்களை ஏற்ற நூலகங்கள் உலகில் குறைவுதான். லட்சக்கணக்கான நூல்களில் ஒட்டிய எண்ணை மாற்றுவது எளிதல்ல. ஆனால் அதன் அடிப்படைச் சிந்தனை எங்கும் பரவியது. 1950களில் பிரிட்டனின் நூல் பகுப்பு அறிஞர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். டூயி முறையும் பிற்காலத்தில் எண்களைப் பூட்டும் வழிகளைச் சேர்த்துக்கொண்டது. இன்று செல்போனில் சேலை வாங்குபவர் நிறம், துணி, விலை, ஊர் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வடிகட்டுகிறார். அதுவும் இதே சிந்தனைதான்.

கணக்கில் மட்டும் அவர் நிற்கவில்லை. 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக ஊர்தோறும் நூலகம் கேட்டுப் போராடினார். 1948இல் சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்கென்று சொத்துவரியோடு சேர்த்து ஒரு நூலக வரி என்பது அதன் ஏற்பாடு. இன்று அந்த வரி ரூபாய்க்கு 10 காசு. சேலத்திலோ இராசிபுரத்திலோ வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார்கள்.

ஆக, நூலகம் யாரோ கொடுத்த தானம் அல்ல. அது நம் பணத்தில் நடப்பது. ஒரு மேதையின் உழைப்பால் நமக்கென்று ஒழுங்கு செய்யப்பட்டது. பக்கத்துத் தெருக் கிளை நூலகத்துக்குப் போங்கள். பொத்தாம்பொதுவாக வேளாண்மை நூல் கேட்க வேண்டாம். எதைப் பற்றி, அதில் எது, என்ன செய்ய, எங்கே, எப்போது என்று முழுதாகக் கேளுங்கள். நூல் இல்லை என்று பதில் வந்தால், வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வாசகர் கேட்கக் கேட்கத்தான் நூலகம் வளரும்.