195 கிலோ பைக் கீழே விழுந்தால் தூக்குவது எப்படி? ஜிம் பலம் மட்டும் ஏன் போதாது?

லேயில் வாடகைக்கு எடுத்த பைக். கர்துங் லா கணவாய்க்கு ஏறும் வழியில் ஒரு போட்டோ எடுக்கலாம் என்று ஓரமாக நிறுத்துகிறீர்கள். ஜல்லியில் இடது கால் வழுக்குகிறது. வண்டி மெதுவாகச் சரிகிறது. பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். அடுத்த நொடி வண்டி தரையில் கிடக்கிறது.

உங்களுக்கு அடி எதுவும் இல்லை. ஆனால், தூக்கப் போனால் வண்டி 'அசைய மாட்டேன்' என்கிறது. வேகத்தில் நடக்கும் விபத்து வேறு. நின்றுகொண்டிருக்கும்போதோ, யூ-டர்ன் அடிக்கும்போதோ வண்டியைக் கீழே போடுவது பெரிய பைக் ஓட்டும் பலருக்கும் ஒருநாள் நடக்கும். எனக்கும் நடந்தது. அவசரத்தில் குனிந்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அடுத்த மூன்று நாள் ஷூ லேஸ் கட்டக்கூட குனிய முடியவில்லை.

என்ன தப்பு செய்தேன்? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

எவ்வளவு எடை?

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. ஹிமாலயன் 450 வண்டி 196 கிலோ, சூப்பர் மீட்டியோர் 650 வண்டி 241 கிலோ. பின்னால் கட்டிய பைகளின் எடை தனி.

இதோடு இன்னொரு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலையிடத்தில் ஒருவர் கையால் தூக்கும் சுமைக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு ஒரு கணக்கீடு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தாலும் அது பரிந்துரைக்கும் உச்சவரம்பு 23 கிலோதான்.

சரிய ஆரம்பித்ததும் ஏன் பிடிக்க முடிவதில்லை?

நல்ல செய்தி, 195 கிலோவையும் நீங்கள் தூக்க வேண்டியதில்லை. டயர்கள் தரையில் ஊன்றியிருப்பதால் வண்டி ஒரு நெம்புகோல் மாதிரி இயங்குகிறது. வண்டியின் ஈர்ப்பு மையம் டயரிலிருந்து அரை மீட்டர் தூரத்திலும், ஹேண்டில் பிடி 1 மீட்டர் தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது 195 கிலோ வண்டிக்கு உங்கள் கை தாங்க வேண்டிய பாரம் தோராயமாக இதுதான்:

- 5 டிகிரி சாய்ந்தால்: 8 முதல் 9 கிலோ
- 10 டிகிரி: 17 கிலோ
- 20 டிகிரி: 33 கிலோ
- 45 டிகிரி: 69 கிலோ
- 70 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட தரையில்: 92 கிலோ

5 டிகிரியில் ஒரு சின்ன அரிசி மூட்டை அளவுக்கு இருந்த பாரம், 20 டிகிரியில் 4 மடங்காகிவிடுகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் போராடாதீர்கள், விட்டுவிடுங்கள். காலை வெளியே எடுத்துக்கொண்டு விலகுங்கள். வளைந்த லீவரை மாற்றிக்கொள்ளலாம். முட்டியையோ, சூடான சைலன்ஸருக்கு அடியில் சிக்கிய காலையோ அவ்வளவு சுலபமாகச் சரிசெய்ய முடியாது.

குனிந்து தூக்கினால் என்ன ஆகும்?

பட்டியலின் கடைசி வரியைப் பாருங்கள். அதிக பாரம் இருப்பது முதல் ஒரு அடியில்தான். குனிந்து தூக்கும்போது உடம்பு மிக மோசமான நிலையில் இருப்பதும் அப்போதுதான். சுமை உடம்பிலிருந்து எட்ட இருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது. இடுப்புத் தசைகள் சுமையைவிடப் பல மடங்கு விசையில் இழுக்க வேண்டியிருக்கும். அந்த அழுத்தம் முழுக்க கீழ்முதுகு டிஸ்க்குகள் மேல் இறங்குகிறது.

சரியான முறை என்ன?

1. முதலில் கில் ஸ்விட்சையும் சாவியையும் ஆஃப் செய்யுங்கள். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வளைவில் விழுந்திருந்தால், பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவர் நிற்கட்டும்.
2. வண்டி உருளக் கூடாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டை முன்பே விரித்துவிடுங்கள். இடப்பக்கம் விழுந்திருந்தால் கியர் லீவர் அடியில் சிக்கியிருக்கும். மேலே இருக்கும் முன் பிரேக் லீவரை ஒரு பட்டையாலோ கைக்குட்டையாலோ இறுக்கிக் கட்டலாம்.
3. ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். கீழே இருக்கும் பிடி டேங்க் பக்கத்தில் வரும்.
4. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் பின்புறம் அழுந்த உட்காருங்கள். ஒரு கை கீழ்ப் பிடியில், மறு கை பின்பக்கக் கம்பியில்.
5. முதுகு நேராக இருக்கட்டும். காலால் தரையை உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள்.
6. நேராகும் நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் வண்டி அந்தப் பக்கம் விழும்.

இந்த முறையில் பாரம் மாயமாகிவிடாது. ஆனால், அதைத் தாங்குவது உங்கள் முதுகு இல்லை, தொடை. உடம்பின் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன.

சரிவில் விழுந்தால்? மேட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் தனியாக முயல வேண்டாம்.

மலையில் ஏன் இன்னும் கஷ்டம்?

கர்துங் லாவின் உயரம் சுமார் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. ஊரில் ஒரே மூச்சில் முடிகிற வேலைக்கு இங்கே தலை சுற்றும். ஒருமுறை முயன்று முடியவில்லை என்றால் உட்கார்ந்து மூச்சு வாங்குங்கள். அடுத்து வரும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள்.

தூக்கியாச்சு, ஸ்டார்ட் ஆகவில்லையே?

பயப்பட வேண்டாம். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் இருக்கிறது. சாவியை ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிளம்பும் முன் பிரேக், கிளட்ச் லீவர்களையும் ஹேண்டில் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

'உன்னால தூக்க முடியுமா?'

பெரிய பைக் வாங்கப் போகும் பெண்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால், 92 கிலோவைக் குனிந்து இழுத்தால் யார் முதுகாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். உருப்படியான கேள்வி, 'எப்படித் தூக்கணும்னு தெரியுமா?' என்பதுதான். அதை எல்லோரிடமும் கேட்கலாம்.

பயணத்துக்கு முந்தைய வாரம், இரண்டு நண்பர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, புல்தரையில் வண்டியை மெதுவாகப் படுக்க வைத்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கணவாயில் முதல் முறையாகக் கற்றுக்கொள்வதைவிட அது நல்லது.