தடை விதித்தது யார்? நஷ்டம் யாருக்கு?

2019-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி, எத்தியோப்பியாவின் தலைநகரிலிருந்து கிளம்பிய ஓர் ஆகாய விமானம் ஆறே நிமிஷத்தில் வயலில் வீழ்ந்து, அதிலிருந்த 157 பேரும் மாண்டனர். அதற்கு நாலரை மாதம் முன்னர் ஜாவாக் கடலில் அதே ரக விமானம் ஒன்று மூழ்கி 189 பேர் மாண்டிருந்தனர். இரண்டும் அமெரிக்காவின் போயிங் கம்பெனியார் புதிதாகச் செய்த 737 மாக்ஸ் என்னும் ரகம். 12-ந் தேதி இரவு நமது சிவில் விமானத் துறை டைரக்டர் ஜெனரல் அந்த ரகத்துக்குத் தடை விதித்தார். மறுநாள் மாலை 4 மணிக்குள் எல்லாம் தரையிறங்கிவிட வேண்டுமென்பது உத்தரவு. ஸ்பைஸ்ஜெட் கம்பெனியின் 12 விமானங்கள் நின்றன. ஜெட் ஏர்வேஸ் கம்பெனியிடம் இருந்த ஐந்தும் வாடகை கட்ட வகையின்றி முன்னமேயே நின்று போயிருந்தன. உலகெங்கும் நின்றவை 387.

விமான நிலையமே இல்லாத தென்காசி ஜில்லாவுக்கு இதனால் என்ன என்று கேட்பாருண்டு. விமானம் இல்லாத ஊரில்தான் விமானத்தை நம்பிய குடும்பங்கள் மிகுதி. கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் அரபு நாடுகளில் உழைக்கின்றனர். அவர்கள் ஆரியங்காவுக் கணவாய் கடந்து திருவனந்தபுரம் போகிறார்கள். அல்லது மதுரைக்குப் போகிறார்கள். தங்கையின் கலியாணத்துக்கு ஒரு மாதம் லீவு பெற்று வந்தவன், குறித்த நாளில் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலையே போய்விடும். அவனுக்கு விமானம் ஆடம்பரமன்று; நமக்கு டவுன் பஸ் எப்படியோ அப்படி. 2019 ஏப்ரல் 17-ந் தேதி ஜெட் ஏர்வேஸும் அடியோடு நின்றது. ஒரு கம்பெனி மாய்ந்தது, இன்னொன்றின் புது விமானங்கள் முடங்கின. அவ்வருஷக் கோடையில் டிக்கட் விலை ஏறாமல் என்ன செய்யும்? ஜெட் கம்பெனி விட்டுச் சென்ற பழைய போயிங் விமானங்களை ஸ்பைஸ்ஜெட் வாடகைக்கு எடுத்து ஒருவாறு ஈடு செய்தது. ஆயினும் இடைப்பட்ட நாட்களில் அதிகக் கட்டணம் கொடுத்தவனுக்கு அதை யாரும் திருப்பித் தரவில்லை.

தடை என்றால் என்னவென்று குற்றாலத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் போலீஸார் குளிப்பதற்குத் தடை போடுவர். சாரலை நம்பிக் கடன் வாங்கிக் கடை போட்டவர்கள், எண்ணெய் தேய்ப்போர், மங்குஸ்தான் பழம் விற்கும் பெண்கள், ஆட்டோக்காரர் ஆகிய அனைவர் பிழைப்பும் அன்றைக்கு முடங்கிவிடும். ஒரு வாரம் தடை நீடித்தால் சீசனில் பாதி போயிற்றென்று முணுமுணுப்பர். அந்த முணுமுணுப்பில் நியாயமுண்டு. ஆனால் 2024 மே மாதம் 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மலைமேல் பெய்த மழை, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது. அதன் பிறகுதான் எல்லா அருவிகளிலும் பல நாள் தடை வந்தது. முந்திய தடை வியாபாரத்தைக் கெடுக்கும். பிந்திய தடையோ உயிரையும் வாங்கி வியாபாரத்தையும் கெடுக்கும்.

மாக்ஸ் விஷயத்தில் தடை பிந்தியதென்பது இப்போது வெட்டவெளிச்சம். அந்த விமானத்தின் புதிய எஞ்சின்கள் பெரியவை. ஆதலால் இறக்கையில் சற்று முன்னே தள்ளிப் பொருத்தப்பட்டன. அதனால் சில வேளைகளில் மூக்கு அளவுக்கு மேல் நிமிருமென்று, அதைத் தானாகவே கீழே அமுக்கும் ஓர் ஏற்பாட்டைக் கம்பெனியார் செய்தனர். விமானத்தில் காற்றின் கோணத்தை அளக்கும் கருவிகள் இரண்டு இருந்தும், ஒன்றின் சொல்லை மட்டுமே அந்த ஏற்பாடு கேட்டது. அந்த ஒன்று பொய் சொன்னால், ஒழுங்காகப் பறக்கும் விமானத்தின் மூக்கை அது திரும்பத் திரும்பத் தரையை நோக்கித் தள்ளும். இப்படி ஒன்று இருப்பதாக விமானிகளின் கைப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை! முதல் விபத்துக்குப் பின், 2018 டிசம்பரில், அமெரிக்க விமான நிர்வாகத்தாரே கணக்குப் போட்டுப் பார்த்தனர். குறையைத் திருத்தாவிட்டால் இந்த ரகம் பறக்கும் காலம் முழுவதிலும் பதினைந்து விபத்துக்கள் வரை நேரலாமென்று அக்கணக்குச் சொல்லிற்று. அப்படியிருந்தும் விமானங்கள் பறந்தன. கணக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் வெளிவந்தது. விமானத்தைச் செய்தவர்களின் சிப்பந்திகளிடமே சோதனை வேலையின் பெரும்பகுதியை ஒப்படைத்திருந்த நிர்வாகத்திடம் வேறெதை எதிர்பார்ப்பது?

ஜாவாக் கடலில் விழுந்த விமானத்தை ஓட்டியவர் டில்லியைச் சேர்ந்த ஓர் இந்தியர். தங்கள் நாட்டில் பயின்ற விமானியாயிருந்தால் சமாளித்திருப்பான் என்னும் பேச்சு அமெரிக்கக் காங்கிரஸ் சபைவரை எழுந்தது. இயந்திரத்தின் குற்றத்தைக் கறுத்த மனிதன் தலையில் சுமத்துவது நமக்குப் புதிதன்று; ரயிலிலும் கப்பலிலும் நம்மவர்கள் கேட்டுப் பழகிய பேச்சே அது. பின்னர் 2021 ஜனவரியில், சர்க்காரை ஏமாற்றிய வழக்கில் அதே போயிங் கம்பெனி 250 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஆனால் தடை விதிப்பவர் எப்போதும் சரி, விமானம் எப்போதும் தப்பு என்று நாம் சாதிக்க வரவில்லை. 1990 பிப்ரவரி 14-ந் தேதி இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320 விமானம் ஒன்று பெங்களூரில் ஓடுபாதைக்கு முன்னமேயே தரையில் மோதி 92 பேர் இறந்தனர். விமானம் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் ஓட்டும் புது விமானமென்றால் அந்நாளில் யாருக்கும் அச்சந்தான். வி. பி. சிங் சர்க்கார் அந்த ரகம் முழுவதையும் நிறுத்திவிட்டது. அதை வாங்கியதில் ஊழல் என்ற வழக்கும் சேர்ந்துகொண்டது. கோடிக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய விமானங்கள் மாதக்கணக்காக வெயிலில் நின்றன. விசாரணையிலோ விமானிகளின் தவறே முதன்மையாக வெளிப்பட்டது. அந்த ரகம் உலகெங்கும் பறந்துகொண்டுதான் இருந்தது. அரசியல் கலந்த தடை இயந்திரப் பரீட்சையாகாது.

தடையை அவசரப்பட்டு நீக்கியதன் பலனும் சரித்திரத்தில் இருக்கிறது. பிரிட்டனின் காமெட், உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானம். 1953 மே மாதம் 2-ந் தேதி கல்கத்தாவுக்கருகே புயலில் ஒன்று நொறுங்கி 43 பேர் இறந்தனர். காற்றின்மேல் பழி போயிற்று. 1954 ஜனவரியில் எல்பாத் தீவருகே இன்னொன்று விழுந்தது. நிறுத்தினார்கள், காரணம் தெரியாமலே மார்ச்சில் மறுபடி விட்டார்கள். ஏப்ரல் 8-ந் தேதி மூன்றாவது விழுந்தது. அதன் பின்தான் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்திப் பார்த்து, உலோகம் களைத்து வெடிப்பதைக் கண்டுபிடித்தனர். அதற்குள் ஜெட் வியாபாரம் அமெரிக்கர் கைக்குப் போய்விட்டது.

2013-ல் போயிங் 787 விமானங்களின் பாட்டரி எரிந்தபோது ஏர் இந்தியாவின் ஆறு விமானங்கள் ஜனவரி 17 முதல் மே 15 வரை நின்றன. அங்கே அமெரிக்கர் தடுத்த பின் நாம் தடுத்தோம். அமெரிக்கர் விட்ட பின் நாம் விட்டோம். மாக்ஸ் விஷயத்தில் நமது அதிகாரிகள் சற்றுத் தலைநிமிர்ந்தனரென்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். அமெரிக்கர் 2020 நவம்பர் 18-ந் தேதியே தடையை நீக்கியும், நம்மவர்கள் 2021 ஆகஸ்டு 26 வரை பொறுத்து, விமானிகளுக்குப் பயிற்சி நிபந்தனை விதித்த பின்னரே அனுமதித்தனர். 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் 260 உயிர்களைக் கொண்டுபோன 787 விமானத்தின் கறுப்புப் பெட்டியும் டில்லிச் சாலையிலேயே படிக்கப்பட்டது. இவை தொடக்கங்கள். 1906-ல் சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, அவரும் வெளிநாட்டுக் கப்பலைத்தான் வாங்க நேர்ந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகும் பெரிய விமானங்களை நாம் வாங்கியே தீரவேண்டியிருக்கிறது. வாங்குவதில் வெட்கமில்லை. விற்றவனுடைய சோதனைச் சீட்டைத் தவிர வேறு எதுவும் நம் கையில் இல்லாமலிருப்பதே வெட்கம்.

இனி நஷ்டத்துக்கு வருவோம். போயிங் ஒப்புக்கொண்ட தொகையில் 177 கோடி டாலர் விமானக் கம்பெனிகளுக்கு. 50 கோடி இறந்தவர் குடும்பங்களுக்கு. ஸ்பைஸ்ஜெட்டும் 2021 நவம்பரில் போயிங்கோடு தனியாக ராஜி செய்துகொண்டது. பிரயாணிக்கு? நமது விமானத் துறை விதிகளில் நஷ்ட ஈடு உண்டுதான். ஆனால் சர்க்கார் உத்தரவால் விமானம் நின்றால் கம்பெனி ஈடு கொடுக்க வேண்டியதில்லையென்று அதே விதி விலக்களிக்கிறது. மாற்று விமானம், அல்லது டிக்கட் பணம், அவ்வளவே. அந்தப் பணத்தைக் கொண்டு அன்றைய விலையில் அவன் இன்னொரு டிக்கட் வாங்க முடிந்ததா என்பது யாருடைய கவலையுமன்று. கம்பெனி, விமானம் செய்தவனிடம் ஈடு வாங்கும். பிரயாணி, கம்பெனியிடம் வாங்கக்கூடாது! இது எந்த ஊர் நியாயம்?

இவ்விலக்கைத் திருத்த வேண்டும். விமானத்தின் குறையால் தடை வந்து, அதற்காக உற்பத்தியாளரிடம் கம்பெனி ஈடு பெறுமானால், அதில் ஒரு பங்கு டிக்கட் வாங்கியிருந்தவர்களைச் சேரவேண்டுமென்று விதியிலேயே எழுதப்பட வேண்டும். புது ரக விமானம் எதற்கும் அனுமதி கொடுக்கு முன் நமது நிபுணர்கள் கண்ட குறைகள் இன்னவையென்று ஜனங்கள் அறியப் பிரசுரிக்கவும் வேண்டும். பார்லிமெண்டு அடுத்த முறை கூடும்போது தென்காசித் தொகுதி அங்கத்தினர் இவ்விரண்டையும் கேள்வியாக எழுப்புவாரென எதிர்பார்க்கிறோம்.