பக்கத்துப் பண்ணையால் தொல்லையா? வழி இருக்கிறது
(வானொலி வேளாண் உரை)



கோபி வட்டாரத்தில் நம்மில் பலர் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள். வாசலில் களம், ஓரத்தில் கட்டுத்தரை, கிணறு, அதற்கப்பால் வயல். அந்த வரப்பை ஒட்டி ஒரு கோழிப்பண்ணையோ, நார் மில்லோ, அரிசி ஆலையோ வந்துவிட்டால் சிலருக்கு நிம்மதி போய்விடுகிறது. தட்டில் சோறு விழுமுன் ஈ வந்து உட்காருகிறது. கறவை மாடு நின்ற இடத்தில் நிற்காமல் காலை உதறுகிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. "பண்ணைக்காரரு நமக்குப் பங்காளி முறைங்க. கேட்டா சண்டை, கேக்காட்டி குடியிருக்க முடியல. என்னங்க பண்றது?" என்று கேட்பவர்கள் உண்டு.

சண்டையும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். முறையாகச் செய்தால் தொல்லை தீரும். கோழிப்பண்ணை ஈயை வைத்தே அந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டுக் குப்பைக்குழியைப் பாருங்கள். வயலுக்கு வாங்கிய கோழி எருவை மூடாமல் குவித்திருந்தால் அங்கேயும் ஈ பிறக்கும். நம் பக்கம் சரியாக இருந்தால்தான் அடுத்தவரைக் கேட்க நமக்கு வாய் வரும்.

அடுத்து, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பதினைந்து நாளைக்குத் தேதி, நேரம், காற்றடித்த திசை, என்ன தொல்லை, வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். "எப்பவும் நாத்தம்" என்று சொன்னால் அதிகாரிக்கு அதில் பிடி கிடைக்காது. "செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு எரு அள்ளினார்கள், மறுநாள் காலை வரை வீட்டில் இருக்க முடியவில்லை" என்றால் பிடி கிடைக்கும்.

மூன்றாவது, பண்ணைக்காரரிடம் பேசுங்கள். "பண்ணையை மூடு" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறியும். என்ன செய்யவேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். ஈ ஒரு தடவைக்கு நூற்றைம்பது முட்டை வரை இடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாக ஏழு முதல் பத்து நாளே ஆகும். புழு வளர ஈரம் வேண்டும். காய்ந்த எருவில் அது வளராது. ஆகவே கோழிக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒழுக்கை அடைக்கவேண்டும். ஈர எருவை வாரத்துக்கு ஒருமுறை அள்ளி, உலர்த்தி, தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். செத்த கோழியை வெளியே வீசாமல் குழியில் புதைக்கவேண்டும். இவ்வளவுதான். பண்ணைக்காரருக்கும் இதில் நன்மை உண்டு. உலர்ந்த எருவை அள்ளுவதும் ஏற்றுவதும் விற்பதும் சுலபம்.

பேசியும் கேட்கவில்லையா? அப்போது காகிதத்தில் இறங்குங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளருக்கும் மனு கொடுங்கள். ஐயாயிரம் கோழிக்கு மேல் வளர்க்கும் பண்ணை, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறவேண்டும். அது இருக்கிறதா என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதிக் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்த படி, கோபியில் உள்ள கோட்டாட்சியர். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த இந்த அதிகாரம், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. அவர் எதிர்த்தரப்புக்கு ஒரு கெடு வைத்து, "தொல்லையை அகற்று, இல்லையேல் நேரில் வந்து காரணம் சொல்" என்று உத்தரவிடுவார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது பொதுமக்களுக்கான தொல்லையாக இருக்கவேண்டும். ஒரே வீட்டுக்கு மட்டும் என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டிவரும். ஆகவே சுற்றியுள்ள நாலைந்து சாளைக்காரர்களின் கையெழுத்தையும் சேர்த்து வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். தகுதி உள்ளவர்களுக்கு உதவி இலவசம்.

இந்தப் பிரிவுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். வட இந்தியாவில் ஒரு பேக்கரியின் அடுப்புப் புகையால் அக்கம்பக்கத்தார் தவித்தார்கள். மாஜிஸ்திரேட் நேரில் போய்ப் பார்த்து உத்தரவிட்டார். 1978-ல் சுப்ரீம் கோர்ட், கண்ணால் பார்த்தவர் சொல்லையே ஏற்றது. அடுப்பையும் புகைபோக்கியையும் இடிக்கச் சொன்னது. ஆனால் அந்த மனிதர் பேக்கரித் தொழிலே செய்யக்கூடாது என்பதை மட்டும் ஏற்கவில்லை. தொல்லைதான் போகவேண்டும், ஒருவர் பிழைப்பு போகவேண்டியதில்லை. நாம் கேட்பதும் அதுதானே?

மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். அங்கே சாராய ஆலைக் கழிவும் சாக்கடையும் தெருவில் ஓடின. தெருக்காரர்கள் இதே பிரிவில் முறையிட்டார்கள். "எங்களிடம் பணமில்லை" என்றது நகராட்சி. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு, பணமில்லை என்பது ஒரு சாக்கல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

கழிவு நீர் விடுகிற தொழில் என்றால் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். நொய்யலை நினைத்துப் பாருங்கள். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். 1992-ல் பயனுக்கு வந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதிலே தேங்கி, உப்பேறிய தண்ணீர் பயிருக்கே ஆகாமல் போயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வைத்து வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஐகோர்ட் உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தது சரி, உப்பேறிய மண்ணும் கிணறும் தீர்ப்பு வந்த அன்றைக்கே மாறிவிடுமா?

ஆகவே பக்கத்தில் ஆலைக்கு அஸ்திவாரம் போடும்போதே உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்து வையுங்கள். மோட்டாரை இருபது நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். "முன்பு நல்ல தண்ணீர்தான்" என்பதற்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தாலும், பிரச்சினை முதலில் தலைகாட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது பொதுவிதி. நாளைக் கடத்தினால் நஷ்டம் நமக்கே.

பெருமக்களே, பண்ணைக்காரரும் நம் ஊர்க்காரர். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு முகம் பார்க்கவேண்டியவர்கள் நாம். கோபத்தில் போடும் சத்தம் காற்றோடு போய்விடும். தேதி போட்டு எழுதிய காகிதம் நிற்கும். இன்றைக்கே அந்த நோட்டை வாங்கிவிடுங்கள்.