காசும் ஓர் அமானிதம்



செல்வத்தைப் பற்றி மறுமையில் இரண்டு கேள்விகள் கேட்கப்படும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எவ்வழியில் ஈட்டினாய் என்பது ஒன்று. எவ்வழியில் செலவிட்டாய் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு அஞ்சி வட்டியையும் சூதையும் விலக்குகிறோம். இரண்டாம் கேள்வியையோ வீண்விரயத்தோடு நிறுத்திக் கொள்கிறோம். பொருள் ஹலாலா என்று பார்க்கும் நாம், அதை விற்கும் நிறுவனம் மக்களுக்குத் தீங்கிழைக்கிறதா என்று பார்ப்பதுண்டா? தீங்கு உறுதியாகத் தெரிந்த பின்னும் அங்கேயே வாங்குவது பாவத்திற்குத் துணைபோவதாகாதா?

இதைச் சிந்திப்போர் அறிய வேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

ஸ்விட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனம் ஏழை நாடுகளில் குழந்தைகளுக்கான பால் பவுடரைப் பெருமளவில் விற்று வந்தது. மகப்பேறு மருத்துவமனைகளில் இலவச டப்பாக்கள் வழங்கப்பட்டன. செவிலியர் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள் தாய்மார்களை அணுகினர். இலவசம் தீர்வதற்குள் தாய்ப்பால் வற்றிவிடும். பின்னர் விலைகொடுத்து வாங்கியே தீரவேண்டும். ஏழைத் தாய், டப்பா பல நாள் வரட்டும் என்று பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள். அத்தண்ணீரோ தூய்மையற்றது. வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் பச்சிளம் உயிர்களைப் பறித்தன. பிற நிறுவனங்களும் இவ்வாறு விற்றன. நெஸ்லே அவற்றுள் முதன்மையானது.

1974-ல் பிரிட்டனில் இதனை விளக்கும் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. ஸ்விட்சர்லாந்தில் ஒரு குழுவினர் அதனை மொழிபெயர்த்து, நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்ற பொருளில் தலைப்பிட்டனர். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1976-ல் பெர்ன் நீதிமன்றம் அத்தலைப்பு அவதூறு எனத் தீர்ப்பளித்து, குழுவினர் 13 பேருக்கும் தலா 300 பிராங்க் அபராதம் விதித்தது. ஆயினும் நிறுவனம் தன் விளம்பர முறையை மாற்றிக் கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி அறிவுறுத்தினார். உண்மை பக்கத்தில் இருந்தும் சொல் வரம்பு மீறியதால் நேர்ந்த இழுக்கைக் கவனியுங்கள்!

1977 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் புறக்கணிப்பு தொடங்கிற்று. குடும்பங்கள் கைவிட்டது பால் பவுடரை மட்டுமன்று. அந்நிறுவனத்தின் காப்பித்தூளையும் சாக்லேட்டையும் கூடத்தான். குழந்தையில்லா வீட்டாரும் இதனால் பங்கேற்க முடிந்தது. 1981 மே மாதம் உலக சுகாதார மாமன்றம், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது அமெரிக்கா மட்டுமே. நெறிமுறைக்குக் கட்டுப்படுவதாக நெஸ்லே ஒப்புக் கொண்டதும், 1984-ல் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. மருத்துவமனைகளுக்கு இலவச வினியோகம் தொடர்வதாகக் கண்டு, 1988-ல் மீண்டும் தொடங்கப்பட்டது.

நம் நாட்டிலும் 1992-ல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, இலவச மாதிரிகளும் விளம்பரமும் தடுக்கப்பட்டன. 2003-ல் அதன் வரம்பு இரண்டு வயதுவரை விரிவாக்கப்பட்டது. பாலூட்டலுக்குத் திருமறை குறிப்பிடும் நிறைவான காலமும் இரண்டு ஆண்டுகளே அல்லவா!

தாய்ப்பால் போதாத குழந்தைக்குப் பவுடர் கொடுப்பது குற்றமன்று. இயலாத தாயை எவரும் பழித்தல் கூடாது. குற்றம், இயன்ற தாயை இயலாதவளாக்கியதில்தான்.

ஆகவே சகோதரிகளே, ஒரு நிறுவனத்தைக் கைவிட எண்ணினால் முதலில் செய்தியைத் தீர விசாரியுங்கள். யாரோ கூறிய வதந்தியை நம்பி ஒரு வணிகரின் பிழைப்பைக் கெடுப்பதும் அநீதியே. எக்குற்றத்திற்காக விலகுகிறீர்கள், எதைத் திருத்தினால் திரும்புவீர்கள் என்பதை நிறுவனத்திற்குக் கடிதம் மூலம் தெரிவியுங்கள். அங்கு கூலி வேலை செய்வோரையோ, அதன் சரக்கை விற்கும் கடைக்காரரையோ ஏசாதீர்கள். குற்றம் திருந்தினால் வஞ்சம் பாராட்டாதீர்கள். வெறுப்பு நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்யலாகாது என்பது இறைக்கட்டளை.

ஒரு வீட்டார் வாங்கும் காப்பித்தூள் எம்மாத்திரம் என்று தோன்றலாம். நிறுவனம் அசைகிறதோ இல்லையோ, நம் காசு எங்கே சென்றது என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அந்நாளில் தலைகுனியாமல் விடையளிக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.