ஏரிப் பராமரிப்பும் பன்னாட்டு நிதியும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து ஒரு பார்வை

ஆய்வுச் சுருக்கம்

பேரிடர் அபாயத் தணிப்புக்காக வளரும் நாடுகளுக்குக் கிடைக்கும் பன்னாட்டு நிதி, பெரும்பாலும் காலவரையறை கொண்ட திட்டங்களாகவே வருகிறது. திட்டம் முடிந்தபின் பராமரிப்புக்கு வழி என்ன என்னும் வினாவை, உத்திரமேரூர் ஏரி பற்றிய கல்வெட்டுச் செய்திகளோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏரி, தூர்வாருதல், ஏரி வாரியம், உலக வங்கி, செண்டாய் கட்டமைப்பு.

முன்னுரை

2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் ஏற்கப்பட்ட பேரிடர் அபாயத் தணிப்புக் கட்டமைப்பு, 2030க்குள் எட்ட வேண்டிய ஏழு இலக்குகளை வகுத்தது. அவற்றுள் ஆறாவது, வளரும் நாடுகளுக்குப் போதுமானதும் நீடித்ததுமான ஆதரவு வழங்கப் பன்னாட்டு ஒத்துழைப்பைப் பெருக்குவதாகும். இவ்விரண்டு பண்புகளுள் ‘போதுமானது’ என்பது தொகையால் அளக்கப்படுகிறது. ‘நீடித்தது’ என்பதை அளப்பது எளிதன்று.

ஏரியும் பேரிடரும்

ஏரிகள் மிகுந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரி பாசனத்துக்கு மட்டும் உரியதன்று. மழைவெள்ளத்தைத் தாங்கி, வறட்சிக்குச் சேமிக்கும் காப்பு அமைப்புமாகும். ஏரியில் வண்டல் படியும்போது கொள்ளளவு குறைகிறது. கலங்கல் பழுதுற்றால் மிகைநீர் கரையை மீறுகிறது. தொடர் ஏரிகளில் மேல் ஏரியின் உடைப்பு கீழ் ஏரியின் கரையையும் தாக்கும். 2015 நவம்பர், டிசம்பர் மாதப் பெருவெள்ளம் இம்மாவட்டத்திற்கு இதனை உணர்த்தியது.

பன்னாட்டு நிதியின் வழிகள்

தமிழகத்தில் ஏரிச் சீரமைப்புக்கு 1980களில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உதவியது. 2007இல் உலக வங்கி, நீர்வள நிலவளத் திட்டத்துக்கு 48.5 கோடி டாலர் வழங்க ஒப்புதல் அளித்தது. 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற அடுத்த திட்டத்திற்கு 31.8 கோடி டாலர் கடனாக ஒதுக்கப்பட்டது. மதகு, கலங்கல், கரை ஆகியவற்றின் சீரமைப்பே இவற்றின் மையப்பணி. பராமரிப்பில் உழவர்க்குப் பங்களிக்க, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன.

எனினும் கடன், கட்டுமானத்துக்கே முதன்மை தருகிறது. திட்டத்திற்கு முடிவுநாளும் உண்டு. வண்டல் படிதலுக்கு அத்தகைய முடிவுநாள் இல்லை.

உத்திரமேரூர்ச் சான்று

உத்திரமேரூரின் வைரமேக தடாகம் பல்லவர் காலத்தது. இதனைத் தூர்வாரக் கொடையாளர் பொன் வழங்கிய செய்தியைக் கல்வெட்டுகள் தருகின்றன. சபை அப்பொன்னை முதலாக ஏற்று, அதன் வட்டியைக் கொண்டு பணியைத் தொடர்ந்தது. முதல் குறையாமல் நிற்க, வட்டி ஆண்டுதோறும் செலவாயிற்று.

முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்த வாரியங்களைக் குறிக்கின்றன. ஏரி வாரியத்தில் அறுவர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் குறிப்பிட்ட உறவினரும் தகுதி இழந்தனர். எனவே நிதியும் பொறுப்பும் கணக்கும் ஓரிடத்தில் இணைந்திருந்தன.

இம்முறையை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. நிலம், கல்வி, வயது ஆகிய தகுதிகள் பிரமதேய ஊரின் ஒரு பிரிவினருக்கே வாய்ப்பளித்தன. வரப்பில் உழைத்தோர் குடவோலையில் இடம்பெறவில்லை. எனவே எடுத்துக்கொள்ளத்தக்கது உறுப்பினர் தகுதி அன்று, நிதி அமைந்த முறையே.

முடிவுரை

பன்னாட்டுக் கடன் பழுதுற்ற ஏரியை ஒருமுறை செப்பனிட வல்லது. அதனை அந்நிலையில் காப்பதற்கு ஆண்டுதோறும் வரும் சிறுதொகையும், அதற்குக் கணக்குக் காட்டும் ஊர் அமைப்பும் தேவை. திட்டத் தொகையின் ஒரு பகுதியை வைப்புநிதியாக்கி, அதன் வட்டியை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் பராமரிப்புக்கென வழங்கும் ஏற்பாடு ஆராயத்தக்கது. நிலமற்றோரும் மகளிரும் அச்சங்கங்களில் இடம்பெற்றால், பழைய முறையின் குறையும் நீங்கும். செண்டாய் இலக்கின் ‘நீடித்தது’ என்னும் சொல்லுக்கு அப்போதுதான் ஊரளவில் பொருள் கிட்டும்.